ஞாயிறு நற்செய்தியும் கடவுளை நம்பி இருத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில், மறுநாள் திருப்பலிக்குரிய வாசகங்களைச் சனிக்கிழமை மாலையில் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் வழக்கம் உண்டு. நம்பிக்கையைப் பற்றிய நற்செய்தி வரும் வாரங்களில் கூட்டம் சீக்கிரம் முடிவதில்லை. திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு அங்கே சொல்லி வந்த பதில்களைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். நான் அருள்பணியாளர் அல்லன். மறைக்கல்வி வகுப்பு நடத்தும் பொதுநிலையினரில் ஒருவன். ஆகவே இவற்றைத் திருச்சபையின் தீர்ப்பாக அல்லாமல், வாசகங்களோடு பழகிய ஒருவனின் விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஞாயிறு வாசகங்களைப் பங்குத்தந்தை தேர்ந்தெடுக்கிறாரா?

இல்லை. 1963 டிசம்பர் 4 அன்று கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதன்படி 1969இல் புதிய வாசக ஒழுங்கு வெளிவந்தது. முன்பு ஒவ்வோர் ஆண்டும் அதே வாசகங்களே திரும்பி வந்தன. இப்போது ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என்பது முறை. யோவான் பெரும்பாலும் தவக் காலத்திலும், இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா காலத்திலும் வருகிறார். மாற்கு சிறிய நூல் என்பதால் இரண்டாம் ஆண்டின் நடுவே ஐந்து ஞாயிறுகள் யோவானின் 6ஆம் அதிகாரத்துக்குப் போகின்றன. எந்த ஆண்டு என்று கணக்கிடுவது எளிது: 3ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு மூன்றாம் ஆண்டு. 2025 அப்படிப்பட்டது, 2026 முதல் ஆண்டு. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் அல்ல, அதற்கு முன், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடும்.

முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் தொடர்பு தெரிகிறது. இரண்டாம் வாசகம் மட்டும் ஏன் ஒட்டாமல் நிற்கிறது?

பொதுக் காலத்தில், அதாவது தவக் காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களில், அது ஒட்ட வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. முதல் வாசகம் அன்றைய நற்செய்திக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பதிலுரைப் பாடல் அந்த முதல் வாசகத்துக்கு மறுமொழியாக அமைகிறது. இரண்டாம் வாசகமோ ஒரு திருமுகத்தை வாரம் வாரம் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டு தன் வழியில் போகிறது. இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 12ஆம் ஞாயிற்றைப் பாருங்கள். நற்செய்தி, இயேசு புயலை அடக்கிய நிகழ்ச்சி. முதல் வாசகத்தில், கடலைக் கதவிட்டு அடைத்தவர் யார் என்று சூறாவளியின் நடுவிலிருந்து ஆண்டவர் யோபுவைக் கேட்கிறார். பதிலுரைப் பாடலில், கப்பலேறிய வணிகர்கள் அலைகளுக்கிடையே தள்ளாடிக் கூக்குரலிடுகிறார்கள். மூன்றும் ஒரே கடல். இரண்டாம் வாசகமான கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தை அந்தக் கடலுக்குள் இழுத்துவர முயலும் மறையுரைகளை நான் கேட்டிருக்கிறேன். முயற்சியைப் பாராட்டலாம், அவசியமில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் ‘விசுவாசம்’ என்று இருந்ததை ஏன் ‘நம்பிக்கை’ என்று மாற்றினார்கள்?

வயதில் மூத்த வாசகர்கள் இன்றும் தடுமாறும் இடம் இது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 13:13இல் முன்பு ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று மூன்று சொற்கள் இருந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அவை ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ ஆயின. ஒரே வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்ததைப் போல, நம்பிக்கை முதல் இடத்துக்கு வந்தது. அது விட்டுவந்த இடத்தில் எதிர்நோக்கு அமர்ந்தது. சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த பலர் இன்றும் பழைய சொற்களையே பயன்படுத்துகிறார்கள் என்பதால், இரு வீட்டாரும் கூடிச் செபிக்கும்போது ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் ஓடிக்கொண்டிருக்கும்.

விசுவாசம் என்ற சொல்லை விட்டதில் ஓர் இழப்பு உண்டு. பேச்சு வழக்கில் நாயின் விசுவாசம், வேலையாளின் விசுவாசம் என்று சொல்லும்போது, கைவிடாமல் கூடவே நிற்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. மூல கிரேக்கச் சொல்லான ‘பிஸ்திஸ்’ என்பதிலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் கிடைத்த பயன் இழப்பைவிடப் பெரியது என்றே கருதுகிறேன். மகளின் திருமணச் செலவுக்குக் கைமாற்று கேட்டு வரும் ஒருவர், “உங்களை நம்பித்தான் வந்திருக்கிறேன்” என்கிறார். நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை அவர் அறிவால் ஒப்புக்கொண்டதாக யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. தம் பாரத்தை உங்கள்மேல் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே பொருள். நற்செய்தியில் நம்பிக்கை என்று வரும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. கடவுள் உண்டா என்பதைப் பற்றிப் புயலில் அகப்பட்ட படகில் இருந்த சீடர்களில் யாருக்கும் ஐயம் இல்லை. அவரை நம்பி இருப்பதில்தான் சிக்கல்.

புயலில் சீடர்கள் கத்தினார்களே, அது நம்பிக்கை இல்லாமைதானே?

அந்தப் படகை முதலில் மனத்தில் சரியாக வரைந்துகொள்வோம். 1986இல் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது, வடமேற்குக் கரையில் கினோசார் அருகே சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய மரப் படகு வெளிப்பட்டது. முதல் நூற்றாண்டை ஒட்டிய காலத்தைச் சேர்ந்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.3 மீட்டர். பலவகை மரத்துண்டுகளைச் சேர்த்து, பழுதான இடங்களில் மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். இயேசு ஏறிய படகு அதுதான் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அக்காலத்தில் அங்கே மீன் பிடித்தவர்கள் எத்தகைய படகில் போனார்கள் என்பதை அது காட்டுகிறது. நம் சிற்றூர்களில் ஓடும் சிறு பேருந்து ஒன்றின் அளவே உள்ள ஒரு படகில், பின்புறத்தில் தலையணை வைத்து ஒருவர் தூங்குகிறார். அலைகள் உள்ளே விழுந்து படகு நிரம்பிக்கொண்டிருக்கிறது. கலிலேயக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீட்டர் தாழ்வில், மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் காற்று சட்டென்று அதைக் கொந்தளிக்க வைக்கும். படகில் இருந்தவர்களில் நால்வராவது அந்த ஏரியிலேயே பிழைத்தவர்கள். அவர்களே சாகப்போகிறோம் என்று நினைத்தார்கள் என்றால் புயல் சிறியதாக இருந்திருக்காது.

இனி அவர்கள் சொன்னதைக் கேட்போம். மாற்கு நற்செய்தியில் அவர்கள், நாங்கள் சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். இதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயு, ஆண்டவரே காப்பாற்றும் என்று அதை வேண்டுதலாக மாற்றிவிடுகிறார். மாற்குவில் இருப்பது வேண்டுதல் அன்று, குறை கூறல். அதைத் திருச்சபை அப்படியே நற்செய்தி நூலில் வைத்திருக்கிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. மத்தேயுவில் இயேசு முதலில், ஏன் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் பின்பு காற்றைக் கடிந்துகொள்கிறார். மாற்குவில் முறை தலைகீழாக இருக்கிறது: முதலில் காற்று அடங்குகிறது, கடல் அமைதியாகிறது, அதற்குப் பிறகே, உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா என்ற கேள்வி வருகிறது. அப்படியானால், நம்பிக்கை இல்லை என்று கேட்கப்பட்டவர்களுக்காகத்தான் புயல் அடக்கப்பட்டது. நம்பிக்கையை முதலில் அளந்து பார்த்து, போதிய அளவு இருந்தால்தான் உதவி என்னும் கணக்கு இங்கே இல்லை.

ஆகவே கேள்விக்கு என் பதில் இரு பகுதிகள் கொண்டது. நம்பிக்கைக் குறைவு இருந்தது உண்மை. இயேசுவே அதைக் கேட்கிறார். ஆனால் அது அவர்கள் போட்ட கூச்சலில் இல்லை. ‘உமக்குக் கவலையில்லையா’ என்ற சொல்லில், அவருக்குத் தங்கள்மேல் அக்கறை இல்லையோ என்ற ஐயத்தில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மீனவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பாட்டி, “படகு முழுகுறப்போ அவரைத் தட்டி எழுப்பாம வேற யாரை எழுப்புறது?” என்றார். எத்தனையோ மறையுரைகளை இந்த நற்செய்திக்காகக் கேட்டிருக்கிறேன்; இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

2020 மார்ச் 27 அன்று மாலை, பெருந்தொற்றின் தொடக்க நாள்களில், மழையில் நனைந்த ஆளில்லாத புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று தியானித்தது இதே மாற்கு 4:35-41 பகுதியைத்தான்.

‘நம்பிக்கை குன்றியவனே’ என்று பேதுருவைக் கடிந்துகொண்டது ஏன்? படகைவிட்டு இறங்கியவர் அவர் ஒருவர்தானே?

முதல் ஆண்டின் பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு நற்செய்தி இது: கடல்மீது நடந்துவரும் இயேசுவிடம் போகப் பேதுரு படகைவிட்டு இறங்கி நடக்கிறார், காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்குகிறார். பேதுருவுக்காக வருந்துகிறவர்களை எனக்குப் பிடிக்கும். பதினொரு பேர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடிதல் என்பதைவிட இதில் பரிவு அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கும் வரிசை முக்கியம். பேதுரு அலறிய உடனே இயேசு கையை நீட்டிப் பிடிக்கிறார். பிடித்த கையை விடாமல்தான், ஏன் ஐயம் கொண்டாய் என்று கேட்கிறார். நீரில் தத்தளிக்கிறவனிடம் பாடம் நடத்திவிட்டுக் கரையேற்றவில்லை.

‘ஐயம் கொள்ளுதல்’ என்று இங்கே வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது, இரண்டும் மத்தேயுவில். இரண்டாவது இடம் நற்செய்தியின் கடைசிக் காட்சி: உயிர்த்த ஆண்டவரை மலையில் கண்டு பணிந்தவர்களில் சிலர் ஐயுற்றார்கள் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார். ஐயுற்றவர்களைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றவர்களை மட்டும் இயேசு அனுப்பவில்லை. எல்லா மக்களினத்தாரிடமும் போகும்படி சொன்னது அந்தப் பதினொருவரிடமும்தான்.

மத்தேயு நற்செய்தியில் நம்பிக்கை குன்றியவர்கள் என்று பெயர் வாங்குகிறவர்கள் கூடவே இருந்த சீடர்கள். பெரிய நம்பிக்கை என்று இயேசு வியந்து பாராட்டுவது உரோமைப் படையின் நூற்றுவர் தலைவரையும் கானானியப் பெண்ணையும், இருவருமே வெளியார். நற்கருணை வாங்குமுன், நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன் என்று நாம் வாரந்தோறும் சொல்வது அந்தப் படைத்தலைவரின் வாய்ச்சொல்லை ஒட்டியதே. ஆண்டுக்கணக்கில் முன்வரிசையில் அமர்ந்து பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இது சற்று உறுத்த வேண்டிய செய்தி.

கடுகளவு நம்பிக்கை போதும் என்றால், எனக்கு அந்தக் கடுகளவுகூட இல்லையா?

லூக்கா 17:5-10, மூன்றாம் ஆண்டின் 27ஆம் ஞாயிறு. இந்த நற்செய்திக்குக் ‘கடுகு சிறுத்தாலும் காரம் போகாது’ என்ற பழமொழியைச் சொல்லாத மறையுரை அரிது. பழமொழி நல்லதுதான், ஆனால் இங்கே பொருந்தாது. காரம் கடுகின் சொந்த வலிமை, இயேசு பேசுவதோ அதைப் பற்றி அன்று. எங்கள் நம்பிக்கையை மிகுதியாக்கும் என்று திருத்தூதர்கள் கேட்கிறார்கள். படி கணக்கில், மரக்கால் கணக்கில் அளக்கக்கூடிய ஒரு பொருளாக அதை நினைக்கிறார்கள். கடுகளவு நம்பிக்கை இருந்தாலே, ஒரு மரத்திடம் வேரோடு பெயர்ந்து கடலில் நில் என்றால் அது கீழ்ப்படியும் என்று கண்ணுக்கு எட்டும் மிகச் சிறிய அளவைச் சொல்லி, அளவு பற்றிய அந்தக் கேள்வியையே இயேசு கலைத்துவிடுகிறார். உடனே அவர் சொல்வது, வயலிலிருந்து வந்தபின் சமைத்துப் பரிமாறும் பணியாளரின் கதை. மரத்தைக் கடலில் நடும் வல்லமையிலிருந்து அடுப்படி வேலைக்கு ஒரே மூச்சில் வந்துவிடுகிறார்.

‘கவலைப்படாதீர்கள்’ என்ற நற்செய்தியை வைத்துக்கொண்டு சேமிப்பும் காப்பீடும் நம்பிக்கைக் குறைவு என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வானத்துப் பறவைகளையும் காட்டுமலர்களையும் காட்டும் மத்தேயு 6:24-34 எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஞாயிறு திருப்பலியில் அதைக் கேட்பது அபூர்வம். அது முதல் ஆண்டின் பொதுக்காலம் 8ஆம் ஞாயிறுக்கு உரியது. தவக் காலம் முன்கூட்டியே தொடங்கும் ஆண்டுகளில் அந்த ஞாயிறு விழுங்கப்பட்டுவிடும். 2017 பிப்ரவரி 26 அன்று வாசிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த முதல் ஆண்டுகளான 2020, 2023, 2026 மூன்றிலும் அந்த ஞாயிறுக்கு இடமில்லாமல் போயிற்று.

பகுதியின் முதல் வசனத்தை விட்டுவிட்டுப் படிப்பதால்தான் குழப்பம் வருகிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே பணிவிடை செய்ய முடியாது என்பதில் அது தொடங்குகிறது. ‘ஆகவே’ கவலைப்படாதீர்கள் என்று தொடர்கிறது. பேச்சு சேமிப்பைப் பற்றியதன்று, யார் எசமான் என்பதைப் பற்றியது. பறவைகள் விதைப்பதில்லை, உண்மை. ஆனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவை இரை தேடிக்கொண்டேதான் இருக்கின்றன. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் இயேசுவே. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் அதுவும் ஞாயிறு வாசகமாகவே வருகிறது. பள்ளிக் கட்டணத்துக்காக மாதச் சீட்டுக் கட்டும் தாய் நம்பிக்கை குன்றியவள் அல்லள். சீட்டுப் பணம் கையில் வந்தபின்னும், அது போதாது, இன்னும் போதாது என்று இரவு முழுவதும் விழித்திருந்தால், அப்போது இந்த நற்செய்தியை எடுத்து வாசிக்கலாம். அதுவும் அவளே எடுத்து வாசிக்க வேண்டும். நிரம்பிய வயிற்றோடு இன்னொருவர் அவளுக்கு வாசித்துக் காட்டுவது தகாது.

வேண்டிக்கொண்டும் கிடைக்காவிட்டால், என் நம்பிக்கை போதவில்லை என்றுதானே பொருள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் ‘உங்கள் நம்பிக்கை போதவில்லை’ என்று சொல்கிறவர்களும் உண்டு. சில செபக் கூட்டங்களில் அதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அது தவறு என்று மட்டுமல்ல, கொடுமை என்றும் சொல்ல விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கிறிஸ்து பிறப்புக்காக வேளாங்கண்ணிக்குத் திருப்பயணமாக வந்திருந்தவர்களில் பலர் கடற்கரையில் உயிரிழந்தார்கள். பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை என்பதைப் புதுமை என்று பலர் நன்றியோடு சொன்னார்கள். உள்ளே இருந்து தப்பியவர்கள் நன்றி சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதையே அளவுகோலாக்கினால், சில நூறு மீட்டர் தள்ளி மணலில் நின்றவர்களின் நம்பிக்கை எந்த வகையில் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இருவரும் ஒரே அன்னையிடம் வந்தவர்கள்தானே.

அன்றைய ஞாயிறு வாசகம் மத்தேயு 2ஆம் அதிகாரம்: யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பிச் செல்கிறார். அந்த வாசகத்தில் 13 முதல் 15 வரையும் 19 முதல் 23 வரையும் உள்ள வசனங்கள் மட்டும் உண்டு. நடுவிலுள்ள மூன்று வசனங்கள் விடப்பட்டிருக்கும். விடப்பட்ட மூன்று வசனங்களில்தான் ஏரோது அரசனின் ஆணையால் பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். இஸ்ரயேலரின் முன்னோர் அன்னையருள் ஒருவரான இராகேல் தம் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் பெற மறுக்கிறார். அவை டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று வாசிக்கப்படும். அதாவது அலை வந்து இரண்டு நாள் கழித்து, கரையோரத்தில் பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருந்த வேளையில், திருச்சபையின் அன்றைய நற்செய்தி அதுவாகவே இருந்தது. இதை யாரும் அந்தச் சமயத்துக்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில் வருவதுதான். ஒரு குழந்தை தப்பியது, மற்றவை தப்பவில்லை என்பதை மத்தேயு மறைக்கவில்லை. பெத்லகேம் தாய்மார்களின் செபத்தில் குறை இருந்தது என்று அவர் எழுதவில்லை. ஆறுதல் பெற மறுத்த இராகேலைக் கண்டிக்கவும் இல்லை.

இயேசுவிடமே இது கேட்கப்பட்டது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற கேள்வியை அவரே எடுத்து, இல்லை என்கிறார். மூன்றாம் ஆண்டின் தவக்காலம் 3ஆம் ஞாயிறு அதை வாசிக்கிறோம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார்.

ஏன் நடந்தது என்பதற்கு நற்செய்தி காரணம் சொல்வதில்லை. சொல்வதாகப் பாவனை செய்ய எனக்கும் துணிவில்லை. சிலுவையில், என்னை ஏன் கைவிட்டீர் என்று இயேசு கேட்டது திருப்பாடல் 22இன் முதல் வரி. கைவிட்டவர் என்று தோன்றுகிறவரையே ‘என் இறைவா’ என்று கூப்பிட்டுக் கேட்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரிடமே போய்க் குறையைச் சொல்வதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால், இறந்த மகனின் படத்துக்கு முன் நின்று கடவுளைத் திட்டும் தாயிடம் அது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரம் கருதிக் குறுகிய வாசகத்தைப் படிக்கலாமா?

படிக்கலாம், வாசக நூலே அனுமதிக்கிறது. ஆனால் என்ன விழுந்துபோகிறது என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாம் ஆண்டின் 13ஆம் ஞாயிறு நற்செய்தியில், யாயிரின் மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள். இயேசு புறப்படுகிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் அவரது மேலுடையைத் தொடுகிறார். இயேசு நின்று, தொட்டது யார் என்று தேடுகிறார். அந்த நேரத்துக்குள் சிறுமி இறந்துவிட்ட செய்தி வருகிறது. குறுகிய வடிவத்தில் இரத்தப்போக்குடைய பெண் முழுவதுமாக வெட்டப்படுவதால், தாமதமும் காணாமல் போகிறது. தாமதம் இல்லாவிட்டால், ‘அஞ்சாதீர், நம்பிக்கையை மட்டும் விடாதீர்’ என்று யாயிரிடம் சொன்னதன் கனமும் தெரியாது. அவர் நம்பித்தான் வந்தார், நடுவழியில் கைநழுவுகிறது, விடாதீர் என்று தமிழில் சொல்லியிருப்பது மிகப் பொருத்தம்.

அதே ஆண்டின் 32ஆம் ஞாயிறும் அப்படியே. ஏழைக் கைம்பெண் இரண்டு காசுகளைப் போட்டதை மட்டும் வாசித்தால், உள்ளதையெல்லாம் உண்டியலில் போடச் சொல்லும் நற்செய்தியாக அது ஆகிவிடும். முழு வாசகம் அதற்கு முன், கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் மறைநூல் அறிஞரைச் சாடுவதில் தொடங்குகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வரிகளில் அந்தக் கோவில் கல்லின்மேல் கல் இராதபடி இடிபடும் என்கிறார். அவளை இயேசு பாராட்டினாரா, அவள் நிலையைக் கண்டு கொதித்தாரா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

தோமாவை ‘ஐயப்பட்டவர்’ என்று சொல்வது சரியா?

பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு, மூன்று ஆண்டுகளிலும் தவறாமல் வருகிற நற்செய்தி இது. மற்ற சீடர்கள் உயிர்த்த இயேசுவைக் கண்ட பிறகே நம்பினார்கள். தோமா அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் கேட்டார். அவர் காயத்தில் விரல் இட்டதாக ஓவியங்கள் காட்டுகின்றன. யோவான் அப்படி எழுதவில்லை. தொடச் சொன்னதும் ‘நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்’ என்கிறார், அவ்வளவுதான். மயிலாப்பூரில் அவர் கல்லறையைப் போற்றிவரும் மரபுக்குரியவர்கள் நாம். அவர்மேல் சற்றுப் பாரபட்சமாகவே இருந்துவிட்டுப் போகலாம். நான் பெரிதாக எண்ணுவது வேறொன்று: நம்ப முடியவில்லை என்று சொன்ன மனிதர், எட்டு நாள்களுக்குப் பிறகும் அதே வீட்டில், நம்பியவர்களோடு இருக்கிறார். அவர் போய்விடவில்லை, அவர்களும் துரத்தவில்லை.

திருப்பலியில் வாசகம் படிப்பவருக்குச் சொல்லக்கூடிய அறிவுரை ஏதாவது உண்டா?

முந்தின நாள் வாய்விட்டு இருமுறை படியுங்கள். யாருடைய குரல் எங்கே மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். யோபு வாசகத்தில் ‘ஆண்டவர் சூறாவளியினின்று’ என்ற தொடரை மூச்சு வாங்காமல் ஓடிவிட்டால், பின்னால் வரும் புயல் நற்செய்திக்கு நீங்கள் போட்ட அடித்தளம் யாருக்கும் தெரியாது. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் வேலையைத் திருப்பலிக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இந்த நிலையில் ஞாயிறு திருப்பலிக்கு வருவது போலித்தனம் ஆகாதா?

மாற்கு 9ஆம் அதிகாரத்தில், வலிப்பால் துன்புறும் மகனைக் கூட்டிவந்த ஒரு தந்தை இருக்கிறார். சீடர்களால் குணப்படுத்த முடியவில்லை. இயேசுவிடம், உம்மால் ஏதாவது இயலுமானால் என்று இழுத்துப் பேசுகிறார். பிறகு, நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று கதறுகிறார். ஒரே வாக்கியத்தில் உண்டு என்றும் இல்லை என்றும் சொன்ன அவருடைய மகனும் குணமானான். இந்தப் பகுதி மூன்று ஆண்டுச் சுற்றில் எந்த ஞாயிறிலும் வருவதில்லை. பொதுக்காலம் 7ஆம் வாரத் திங்கட்கிழமைதான் வாசிக்கப்படுகிறது. வாசக ஒழுங்கில் எனக்கு உள்ள ஒரே மனக்குறை இதுதான்.

திருப்பலியில் அமைதி வாழ்த்துக்கு முன் அருள்பணியாளர் சொல்லும் செபத்தைக் கவனித்திருப்பீர்கள். எங்கள் பாவங்களைப் பாராமல் உம் திருச்சபையின் நம்பிக்கையைக் கண்ணோக்கும் என்று அதில் வேண்டுகிறார். அங்கே கேட்கப்படுவது உங்கள் ஒருவரின் கையிருப்பு அன்று. உங்களுக்கு இல்லாத வாரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு இருக்கும். அவருக்கு இல்லாத வாரத்தில் உங்களுக்கு இருக்கலாம். வாருங்கள். பின்வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தாலும் சரி, நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது சில வரிகளில் வாய் ஓடாமல் நின்றாலும் சரி.